ஆளில்லாத பட்டணத்தில் அப்பா

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று வரிசையாக உட்கார வைப்பார்களே, அந்த பெஞ்சு நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். போன வாரம் கள்ளக்குறிச்சியில் நானும் அதில்தான் இருந்தேன். மூடு என்றால் மூடுகிற ஆளா நான்? திறந்து பார்த்தேன். எதிர்ச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தார்கள்.

ஏதோ சீமைப் பட்டணத்தின் நடு முற்றம். தரை முழுக்கக் கல் பாவியிருக்கிறது. இரண்டு பக்கமும் வளைவு வளைவாகக் கட்டடங்கள், ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இருட்டு. கடைசியில் ஒரு கோபுரம். வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு மனுஷர் இல்லை.

பக்கத்தில் இருந்த அம்மாள், என் வயதுதான் இருக்கும், தானும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "எம்மாம் சுத்தமா கீது பாருங்க, ஒரு குப்ப கெடயாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆளே இல்லாத ஊர்ல குப்ப எப்பிடிம்மா வரும்?" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவர் மேல் என்ன தப்பு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து, அதிலிருக்கும் ஊர் நல்ல ஊரா கெட்ட ஊரா என்று சொல்வது எனக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை. இதே மாதிரி ஒரு படத்தைப் பார்த்து எங்கள் ஊரில் ஒரு பேச்சுப் பேசினார்கள். அதோடு என் வீடு போயிற்று. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகிற தூரத்தில் இருந்தது. சாமையும் கேழ்வரகும் விளையும், புளியும் கடுக்காயும் கீழே இறங்கிப் போகும். அப்பா மரம் வெட்டும் வேலைக்கு ஒரு மேஸ்திரியோடு கேரளாவுக்குப் போனார். கூடப் போனவர்கள் அறுப்புக்குத் திரும்பி வந்தார்கள். அப்பா வரவில்லை. வேறு மேஸ்திரியோடு வேறு இடம் போய்விட்டார் என்றார்கள். எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியே மூன்று வருடம் ஓடியது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. எங்கள் பக்கத்தில் புருஷன் செத்துப்போனால் பெண்ணைக் காலம் முழுக்க வெறும் கழுத்தோடு உட்கார வைக்க மாட்டார்கள். இன்னொருவருக்குக் கட்டிக் கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளை தகப்பன் வகையறாவுக்கு. தாய் போவாள், பிள்ளை அங்கேயே நிற்கும். அம்மா சின்ன வயது. பக்கத்து ஊரில் பெண்டாட்டி செத்த ஒருவர், ஆள் இருக்கிறானா போய்ச் சேர்ந்தானா என்று பெரியப்பாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போயிருந்தார். அதை நான் ஆட்டுப் பட்டிக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றிலிருந்து அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் வேண்டியதெல்லாம், உண்மையைச் சொன்னால், பாதி அம்மாவுக்காகத்தான். அப்பா முகமே எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

மாசி மாதம், புளி உலுக்குகிற நேரம். கச்சிராயபாளையத்திலிருந்து வருகிற புளி வியாபாரி, மடித்த செய்தித்தாளைப் பிரித்து ஒரு போட்டோவை அம்மாவிடம் கொடுத்தார்.

"யாரு குடுத்தாங்க?" என்றாள் அம்மா.

"கடக்காரன் குடுத்தாம்மா. அவங்கிட்ட யாரோ குடுத்துட்டுப் போனாங்களாம். எனுக்கு இன்னா தெரியும்?"

கறுப்பு வெள்ளைப் படம். அப்பா நின்றுகொண்டிருந்தார். வேட்டிக்கு மேலே கோட்டு. கன்னம் ஒட்டிப் போய், கண் நேராகப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால்தான் அந்தப் பட்டணம். கல் பாவிய பெரிய வெளி, இரண்டு பக்கமும் வளைவுகள், கடைசியில் மணிக்கூண்டு வைத்த கோபுரம். கோபுரத்துக்குக் கீழே, எறும்பு அளவுக்கு ஒரு ஆள், குடை பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் போகிறான். மற்றபடி ஈ காக்கை இல்லை.

அம்மா அன்றைக்கு அழவில்லை, சிரித்தாள். முந்தானையால் படத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "கோட்டு போட்டுங்கீறாருடி உங்கப்பா" என்றாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

ஆடு மேய்க்கப் போகும்போது அம்மாவுக்குத் தெரியாமல் படத்தைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு போவேன். என் வயதுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் மேய்க்க வருவதில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து படத்துக்குள் குடியேறிவிடுவேன். இந்த வளைவுக்குள் அப்பா படுப்பார், அடுத்ததில் சமைப்பார், மூன்றாவது எனக்கும் அம்மாவுக்கும். குடைக்காரர் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு அந்தப் பட்டணம் ரொம்பப் பிடித்திருந்தது. அவ்வளவு பெரிய வெளியில் யாருமே இல்லை, நான் இருந்த காட்டிலும் யாருமே இல்லை, அதனால் பழகிய இடம் மாதிரி இருந்தது. பயம் என்பது பெரியவர்கள் சொல்லித்தான் வந்தது.

முதலில் சந்தேகப்பட்டது பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன். கெட்டவர் இல்லை, என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவர் படத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பூசாரிகிட்ட ஒரு வாட்டி காட்டிட்டு வந்துட்லாம்" என்றார். ஊரில் எதற்கும் பூசாரிதான். குறி சொல்வார், நாள் பார்ப்பார், மணி சொல்வார். மலையில் அப்போது எங்களுக்கு நிழல்தான் மணி. தரையில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்து, இப்போது ஆட்டைத் திருப்பு, இப்போது உலையை வை என்று அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

ஊர் கூடுகிற மந்தையில், சாமி மரத்தடியில் உட்கார்ந்து பூசாரி படத்தை வாங்கினார். சுற்றி ஊரே நின்றது. அம்மா தள்ளி நின்றாள். நான் பூசாரியின் தோளுக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன்.

"இது அவங்க ஊரு மந்தையா?" என்றார்.

"அப்பிடித்தாங்க தெரியுது" என்றார் பெரியப்பா.

"மந்தைன்னா மரம் எங்க? சாமி எங்க? ஒரு நாயாச்சும் படுத்துங்கீதா பாரு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இல்லை.

"வூட்டுக்கெல்லாம் கதவு கீதா? எல்லாம் வாயத் தொறந்துங்கீது. உள்ள வெளக்கு இல்ல. பொக இல்ல. பொழுது சாயுது, ஒரு மாடு கன்னு திரும்பல. இன்னா ஊருடா இது?"

"பட்டணத்துல வூடு அப்பிடித்தான் இருக்கும்" என்றேன் நான்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?"

"புஸ்தகத்துல கீது."

"சும்மா இருடி" என்று பெரியப்பா என் தலையில் தட்டினார். மெதுவாகத்தான்.

பூசாரி படத்தை வெயிலுக்குச் சாய்த்தார். அவர் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"தூணுக்கெல்லாம் நெழலு நீட்டிக்கினு கெடக்குது. கோபுரத்துக்குக் கீது. அதோ போறானே, அவனுக்குக்கூட பொட்டு மாதிரி கீது. ஒந்தம்பிக்கு எங்க?"

பெரியப்பா படத்தைப் பிடுங்கினார். நகத்தால் அப்பாவின் காலடியைச் சுரண்டினார். அங்கே நிழல் இல்லை. ஒரு துளி இல்லை.

"காலையும் பாரு. கல்லு ஒரு மட்டத்துல கீது, காலு ஒரு மட்டத்துல கீது. பாவல."

பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பதை உங்களில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் "ஐயோ" என்றார். ஆனாலும் வாயாடிக்கு வாய் சும்மா இருக்குமா? அந்த ஊரிலேயே பள்ளிக்கூடம் போய்க் கடிகாரம் பார்க்கத் தெரிந்துகொண்ட பிள்ளை நான் ஒருத்திதான். கோபுரத்து மணிக்கூண்டில் முள் இரண்டும் மேலே சேர்ந்து நின்றன.

"மணி பன்னண்டு! உச்சிப் பொழுது! அதான் அப்பாவுக்கு நெழலு இல்ல" என்று கத்தினேன்.

எவ்வளவு பெருமை எனக்கு. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் கொடுமை. இரக்கமாகக் கேட்டார்.

"உச்சிப் பொழுதுல தூணுக்கு எப்பிடிம்மா அம்மாம் நீட்டு நெழலு வரும்? அப்ப அங்க அடிக்கிறது நம்ம சூரியனே இல்ல."

"அங்க ஒருத்தரு போறாரே, கொட புடிச்சிக்கினு" என்று கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன்.

"கூட்டிக்கினு வந்தவன். வுட்டுட்டுப் போறான்" என்றார் பூசாரி. கோட்டைப் பற்றி யாரோ கேட்டார்கள். "போறவங்களுக்குக் கோடித்துணி போட்டுத்தான அனுப்புறோம்" என்றார்.

பெரியப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். அம்மா மட்டும் கூட்டத்தைப் பார்த்து, "கண்ணு என்னத்தான பாக்குது" என்றாள்.

உடல் இல்லாததால் படத்தையே உடலாக வைத்தார்கள். மூங்கில் தட்டில் கிடத்தி, மஞ்சள் தடவி, பாட்டன்மார் இருக்கிற காட்டில் குழி எடுத்து மூடினார்கள். அந்தப் பட்டணமும் குடைக்காரரும் எல்லாம் மண்ணுக்குள் போனார்கள். அம்மாவின் தாலியை வாங்கினார்கள். அப்பா முகத்துக்கு எனக்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் படம். இன்றைக்கும் அவர் முகம் என்று நினைத்தால் கோட்டுதான் வருகிறது.

வருடம் திரும்பியது. அம்மாவைப் பக்கத்து ஊர்க்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். போகிற அன்று காலையில் என் தலையைச் சீவி, வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னினாள். "பெரிம்மா சொல்றதக் கேட்டு நட" என்றாள். அவள் கிளம்புவதை நான் பார்க்கக் கூடாது என்று என்னை ஆடுகளோடு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தேன். வீடு பூட்டியிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பூட்டு உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பின்னலை அவிழ்க்க விடாமல் பெரியம்மாவிடம் எத்தனையோ நாள் சண்டை போட்டேன்.

ராத்திரியில் நான் தூங்காமல் கிடப்பதைப் பார்த்துப் பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. அந்த ஆனி மாதம் கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். நான் முதன்முதலில் பார்த்த பட்டணம் அது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வளைவுகளைத் தேடினேன். எங்கே பார்த்தாலும் ஆள், மாடு, அரிசி மூட்டை, ஹாரன் சத்தம். பட்டணம் என்றால் ஆளே இருக்காது என்று நினைத்திருந்தவளுக்கு அத்தனை கூட்டத்தில் மூச்சு முட்டியது. ஹாஸ்டலில் நாற்பது பிள்ளைகளோடு படுத்தேன். ஒருத்தியோடும் பேச வரவில்லை.

ஏதோ விண்ணப்பத்துக்குப் போட்டோ வேண்டும் என்று வார்டன் அம்மா எங்களை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனார். சின்னச் சின்னப் படமாக எல்லோருக்கும் எடுத்து முடித்தார் ஸ்டுடியோக்காரர். எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. அவர்களுக்காக அவர் சுவரோரம் ஒரு கயிற்றை அவிழ்த்தார். மேலே சுருட்டி வைத்திருந்த படுதா பொத்தென்று விரிந்து இறங்கியது.

வளைவுகள். கல் தரை. மணிக்கூண்டு. பன்னிரண்டு மணி.

நான் கத்தினேனா என்று தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். ஓடிப்போய்த் தொட்டேன். துணி. சாயம் உதிர்ந்து விரலில் ஒட்டியது. சிமெண்டுத் தரையோடு பொருந்தாமல் முடிந்த கீழ் ஓரத்தில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்தார்கள். நான் குடியிருந்த மூன்றாவது வளைவில் மழைத்தண்ணீர் இறங்கிய கறை. குடைக்காரர் கிட்டத்தில் பார்த்தால் ஆளே இல்லை, தூரிகையை ஒரு முறை அழுத்தி எடுத்த கறுப்பு மை.

"தொடாதம்மா, அழுக்காவும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"இது எந்த ஊருண்ணா?"

"எந்த ஊரும் இல்ல. பாண்டிச்சேரில ஒருத்தரு சீமப் படத்தப் பாத்து எழுதிக் குடுத்தாரு. பெருமழ பேஞ்சி ஏரி ஒடஞ்சிதே, அந்த வருசம் தீபாவளிக்கு வாங்கியாந்தேன்."

அந்த மழை எனக்கும் தெரியும். எங்கள் ஆட்டுப் பட்டி சரிந்தது அதில்தான். அதற்கடுத்த மாசியில் அப்பாவின் போட்டோ வந்தது. அப்பா மலையை விட்டுப் போனதோ அதற்கும் மூன்று வருடம் முன்னால். அப்படியானால் அந்தத் தீபாவளிக்குப் பிறகு, அந்த மாசிக்கு முன்னால், அப்பா இந்தச் சிமெண்டுத் தரையில் உயிரோடு நின்றிருக்கிறார்.

"நின்னா ஏன் நெழலு வுழ மாட்டேங்குது?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் லைட்டு போடுறோம்ல? வுழுந்தா கஸ்டமரு திட்டுவாங்க, கறுப்பா கீதுன்னு."

ஆணியில் கோட்டு ஒன்று தொங்கியது. யார் வந்தாலும் போட்டுக்கொள்கிற கோட்டு. முகத்தை அதில் வைத்தேன். பவுடர் வாசனையும் யார் யாருடையதோ வேர்வையும் அடித்தது. மலைக்காரர் ஒருவர், ஒல்லியாக, இதைப் போட்டுக்கொண்டு நின்றாரே என்று கேட்டேன். "தெனம் ஒலகமே வருது. யாரக் கண்டேன்?" என்றார். அதில் பொய் இல்லை. நான் விடாமல் அழுததைப் பார்த்து வார்டன் அம்மா, "அந்தப் பொண்ண அங்க நிக்க வெச்சி ஒண்ணு எடுத்துக் குடுங்க, மலப் புள்ள, ஆசப்படுது" என்றார். ஆசையாம்.

இப்போது நினைத்தால் பூசாரியை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தை அவர் சரியாகத்தான் பார்த்தார். அது ஆள் குடியிருக்கிற ஊர் இல்லை. அங்கே அடித்தது நம் சூரியன் இல்லை. எழுதினவர் மனசில் என்ன துக்கம் இருந்ததோ, அது அத்தனையையும் எழுத்துப் படிக்காத அந்த மனுஷர் மந்தையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். துணிக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுப்பார்கள் என்பது ஒன்றுதான் எங்கள் மலையில் ஒருவருக்கும் தெரியாது. அதோடு இன்னொன்றும் தோன்றுகிறது. மூன்று வருடம் அவர்களுக்கும் சலித்திருந்தது. இருக்கிறான் அல்லது இல்லை, ஏதாவது ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பொங்கல் விடுமுறைக்கு நான் பெரியப்பா வீட்டுக்குப் போகவில்லை. நேராக அம்மா இருந்த ஊருக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்த படத்தைக் காட்டுவேன், அப்பா சாகவில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும், உடனே என் கையைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுப் பூட்டைத் திறக்க வந்துவிடுவாள். அந்த வயதில் கணக்கு அவ்வளவு சுலபம்.

அம்மாவைக் கட்டிக்கொண்டவர் காட்டுக்குப் போயிருந்தார். அம்மா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எளச்சிப் போயிட்டியேடி" என்று எழுந்தாள். நான் படத்தை நீட்டினேன். அதே பட்டணத்தில் நான் நிற்கிறேன். நிழல் இல்லை. கால் பாவவில்லை.

அம்மா ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே வெயிலுக்கு இழுத்துக்கொண்டு வந்து தரையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான். என் நிழலும் அவள் நிழலும் ஒன்றாகக் கிடந்தன. என் காலைத் தடவினாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"துணிம்மா அது. கள்ளக்குறிச்சில ஒரு கடைல தொங்குது. லைட்டு போட்டா யாருக்கும் நெழலு வுழாதாம். அப்பா சாவலம்மா. தீபாவளிக்கு அப்புறமா அங்க வந்து நின்னுக்கீறாரு."

அம்மா என் காலை விட்டு நிமிர்ந்தாள்.

"கள்ளக்குறிச்சிலியா?"

"ஆமா."

"பஸ்ஸுல எம்மாம் நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"அதுக்கு மேல ஒரு நட" என்றாள், தனக்குத்தானே.

சம்பாதிக்காமல் வெறுங்கையோடு மலையேற வெட்கப்பட்டிருப்பார், கோட்டுப் போட்டு ஒரு படத்தை அனுப்பினால் நன்றாக இருக்கிறேன், காத்திரு என்று அம்மாவுக்குப் புரியும் என நினைத்திருப்பார் என்றெல்லாம் இன்றைக்கு நான் சொல்லுவேன். அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தைகள் இல்லை. "வாம்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றுதான் சொல்லத் தெரிந்தது.

அம்மா படத்தை என் கையில் திரும்ப வைத்து, என் விரல்களை அதன் மேல் மூடினாள்.

"வேணாண்டி. அவரு செத்தவராவே இருக்கட்டும். செத்தவருக்குன்னு நான் அழுது முடிச்சிட்டேன். அம்மாம் கிட்ட வந்து, வராம போனவருக்கு நான் எங்கேர்ந்து அழுவேன்?"

தூளிக்குள் குழந்தை சிணுங்கியது. "பெரியப்பாவுக்குச் சொல்லிடாத, தாங்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பச்சைக் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டே எனக்குச் சாமைச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன்.

பெரியப்பாவிடம் நான் சொல்லவில்லை. தம்பிக்கு வருடா வருடம் படையல் போட்டுக்கொண்டே அவரும் போய்ச் சேர்ந்தார். அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. ஹாஸ்டலில் இருந்த வருடமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். ஒல்லியாக, கன்னம் ஒட்டி, மலைக்காரர் சாயலில் யார் இறங்கினாலும் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புவேன். இப்போது இருந்தால் அவருக்குத் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். இருக்க மாட்டார், எனக்கும் புத்தி இருக்கிறது. ஆனால் அவர் செத்துப்போனார் என்று இதுவரை யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை.